இடது மட்கார்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கையால் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சிரிக்காதே.

வக்கீலின் கடிதம் போன வாரம் வந்தது. வீடு உனக்கு, அந்தப் பழைய கார் எனக்கு என்று தாத்தா எழுதிவைத்திருக்கிறார். வீடு உனக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவர்தான் நம் இரண்டு பேரையும் வளர்த்தார். திரும்ப அவரைப் பார்த்துக்கொண்டது நீ ஒருத்தன்தான். நான் சாவுக்கே இரண்டு நாள் பிந்தி வந்து, நாலாம் நாள் விமானம் ஏறியவள்.

ஆனால் வண்டியை எனக்கு ஏன் எழுதினார் என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறது. "பொறுப்பாக வைத்துக்கொள்வாள் என்பதால் பேத்திக்கு." அதைப் படித்த அன்று பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ரத்தக் குப்பிகளுக்கு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்பே கண்ணில் பட்டது. பதினெட்டு வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

வண்டியை விற்கச் சொல்லாதே. அதைப் பழையபடி ஓடவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஷெட்டில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதுவாயா? நல்ல மெக்கானிக் யாராவது இருந்தால் சொல். உன்னைத் தொந்தரவு செய்வது தெரிகிறது. கேட்க வேறு ஆள் இல்லை.

உன் தங்கை

பிப்ரவரி 24

தங்கைக்கு,

கடிதம் வந்தது.

வண்டியின் நிலை. பின்சீட்டில் எலி குடும்பம் நடத்துகிறது. ஷெட்டின் தகரம் ஓட்டையாகி, பதினோரு வருஷமாக மழைத்தண்ணீர் டிக்கியில் இறங்கியிருக்கிறது. தரைத் தகடு கால் வைத்தால் அமுங்குகிறது. டேங்கில் இருந்த பெட்ரோல் பிசின் மாதிரி ஆகிவிட்டது. இன்ஜின் இறுகிப்போய்விட்டது, கைப்பிடி போட்டுச் சுற்றினால் அசையவில்லை. திரும்பும்போது திசை காட்டக் கதவுத் தூணிலிருந்து கை மாதிரி நீளுமே, அதில் இடது பக்கத்துக் கை மட்டும் பேட்டரி கொடுத்தவுடன் நீண்டது. வலது கை நீளவில்லை.

சாவி எங்கே என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தாத்தாவின் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டையை மடித்துக் கொடுத்தபோதுதான் அது மறுபடியும் என் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் அவர் அந்தச் சாவியை என் கையில் கொடுத்து இருபத்து நாலு வருஷம். அவர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் மங்கி அவர் நிறுத்திய பிறகும் கொடுக்கவில்லை. கடைசி இரண்டு வருஷம் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை வாடகை வண்டி பிடித்தேன். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்துக் காத்திருப்பேன். பின்னால் ஷெட்டில் நம் வண்டி நிற்கும். அவரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார், நானும் திரும்ப மாட்டேன்.

மெக்கானிக் தேவையில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு ஓர் இன்ஜினைப் பிரித்துப் போடத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறேன். தகடு தட்டும் டிங்கரிங் வேலைக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்கிறேன். உனக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதே. ஷெட்டில் அது அப்படிக் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

நாற்காலி போட்டுக் காத்திருந்ததை நீ என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "தாத்தா எப்படி இருக்கார்" என்று கேட்டால் "இருக்கார்" என்பாய். நானும் அத்தோடு விட்டுவிடுவேன். எனக்கு அது வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இன்ஜின் அசைந்ததா? சினிமாவில் வருவதுபோலக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதும் கிளம்பிவிடும் என்று நினைத்திருந்தேன்.

வேறொரு விஷயமும் எழுத நினைத்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். அந்த விஷயத்தை நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாயா? எனக்கு அது மறந்துபோனதில்லை. ஆனால் உனக்கு மறந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு இருந்துவிட்டேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கை

ஏப்ரல் 15

தங்கைக்கு,

ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி ஒன்பது நாள் விட்டேன். பத்தாம் நாள் கைப்பிடி அரைச் சுற்று வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இப்போது பிஸ்டன்களை வெளியே எடுத்தாகிவிட்டது. ஒரு வளையம் உடைந்திருக்கிறது, கிடைக்கும்.

"அந்த விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு சரியான பெயர் உண்டு. போன ஞாயிறு டிங்கர் இடது மட்கார்டில் பெயின்டைச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே விரல் கனத்துக்குப் பட்டி. பட்டியைத் தட்டி எடுத்ததும் உள்ளே சொட்டை அப்படியே இருக்கிறது. ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் அளவு.

"சின்ன மோதலா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"யார் ஓட்டினது?"

"நான்தான்."

இருபத்து நாலு வருஷமாக வாயில் பழகிப்போன பதில். யோசிக்காமலே வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

நீ எழுதாததை நானே எழுதிவிடுகிறேன். உனக்குப் பதினேழு, எனக்கு இருபது. தாத்தா ஊரில் இல்லை. நீ கெஞ்சினாய், நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அது என் தப்பு, அதை உன் தலையில் கட்டவில்லை. மரக்கடை முனையில் நீ திரும்பினாய். சைக்கிளில் வந்த, கார் சீட் தைக்கும் குஷன்காரர் எகிறி விழுந்தார். உனக்கு லைசென்ஸ் இல்லை. பதினெட்டு நாளில் படிக்கக் கிளம்ப வேண்டியவள் நீ. நான் உன்னை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன். அவர் முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அன்றைக்கு நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தது சரி. நான்தான் சொல்லாதே என்றேன். அதற்கு அடுத்த இருபத்து நாலு வருஷத்துக்கு நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

இன்னொன்று. டிங்கர் என்னைக் கேட்காமலே சீட்டுகளைக் கழற்றிக் குஷன்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். அந்தப் பழைய மாதிரி மடிப்புத் தையல் தைக்க இங்கே அவர்தான். எந்த வண்டி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம். திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "வண்டி மேல எனக்கு என்ன கோவம்? ஓட்டினவன் மேலதான்" என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டாராம்.

அண்ணன்

மே 3

அண்ணா,

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓட்டியது நான். இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் தாத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். ஒரு தடவை நெருங்கியும் விட்டேன். நீ கடைக்குப் போயிருந்தாய், அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். "தாத்தா, அன்னைக்கு வண்டி..." என்று ஆரம்பித்தேன். "உங்கண்ணன் பண்ணினதுக்கு நீ ஏம்மா வருத்தப்படறே" என்றார். முகத்தில் நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று இத்தனை நாள் தேடினேன், இல்லை.

இதோடு ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். குஷன்காரருக்கு. எல்லாம் எழுதியிருக்கிறேன். நீ கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடு. அவர் என்ன சொன்னாலும் எனக்கு எழுது.

தங்கை

மே 19

தங்கைக்கு,

உறையைத் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை.

உனக்காக நான் ஒரு தடவை இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாகிவிட்டது. இன்னொரு தடவை போக மாட்டேன். சொல்ல வேண்டும் என்றால் நீ வா. அவர் மத்தியானம் வரை கடையில் இருப்பார். அதற்குப் பிறகு கால் வீங்கிவிடும், வீட்டுக்குப் போய்விடுவார்.

வர முடியாது என்றாலும் எழுது. எனக்கு அதிலும் புதிதாக ஒன்றும் இல்லை.

பிரேக் வேலை முடிந்தது.

அண்ணன்

ஜூலை 16

அன்புள்ள அண்ணா,

குஷன்காரரைப் பார்க்க ஊருக்கு வந்தவள், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். நீ தெருமுனையில் நின்றிருந்தாய். நான் வெளியே வந்ததும் "என்ன சொன்னார்?" என்றாய். நான் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கடையின் பின்பக்கம் நம் முன்சீட்டை மேஜை மேல் போட்டு நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். வலது காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். நான் யார் என்று சொன்னேன். "தெரியுது, உக்காருங்க" என்றார். உட்காராமலே சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு வண்டிய ஓட்டினது நான்தாங்க. எங்கண்ணன் இல்ல" என்று மட்டும்தான் வந்தது.

அவர் ஊசியைச் சீட்டில் குத்தி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். கடைசியில், "கால் போகட்டும்மா" என்றார். "கால் போனதுக்கு நான் அவனை எப்பவோ மன்னிச்சு விட்டுட்டேன். ஆஸ்பத்திரில தினம் வந்து பக்கத்துல உக்காருவான். ஆனா ஒரு நாள்கூட என் கண்ணைப் பார்த்துப் பேசினதில்ல. எப்படி நடந்துச்சுன்னு கேட்டா தரையைப் பார்ப்பான். அப்பவே நெனச்சேன், இவன்கிட்ட எதுவோ சரியில்லன்னு. நாலு வருஷம் கழிச்சு என் பொண்ணைக் கேட்டு வந்தப்பவும் அப்படித்தான் தரையைப் பார்த்தான். கண்ணைப் பார்த்துப் பேசாதவனுக்கு எப்படிக் கொடுக்கிறதுன்னு, மாட்டேன்னுட்டேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "உங்க பொண்ணையா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அண்ணா, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். என் கல்யாணத்தில் எல்லாருக்கும் முன்னால், "எங்கண்ணனுக்கு மோட்டார்தான் பொண்டாட்டி" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அது அவர் உன்னை மாட்டேன் என்று அனுப்பிய அதே வருஷம் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான் கிளம்பும்போது அவர், "அந்தப் பையன் பொய் சொல்றான்னு எனக்குத் தெரிஞ்சுது. யாருக்காகச் சொல்றான்னு தெரியாமப் போச்சு" என்றார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. தைக்கவும் இல்லை.

எதையும் திருப்பித் தர என்னால் முடியாது. ஏன் எனக்கு எழுதவில்லை? ஒரு வரி எழுதியிருந்தால் நான் வந்து சொல்லியிருப்பேனே. இதை எழுதிவிட்டு நானே யோசித்துப் பார்க்கிறேன், வந்திருப்பேனா என்று. அந்த வயதில் வந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

தங்கை

ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

கண்ணைப் பார்க்காததுதான் காரணம் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். காலை உடைத்தவன் என்பதால்தான் மறுத்தார் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன்.

அவர் பெண்ணை முதலில் பார்த்தது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். கல்லூரி முடிந்து பிளாஸ்க்கோடு வருவாள். முதல் வாரம் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாவது வாரம், "இப்படியே வேண்டாத ஆள் மாதிரி நிக்காதீங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றாள். அவ்வளவுதான் ஆரம்பம். அந்த மோதல் நடக்காமல் இருந்திருந்தால் அவளை எனக்குத் தெரிந்தே இருக்காது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நீ மன்னிப்பு என்ற வார்த்தையைப் போடவில்லை. நல்லது. போன வாரம் நான் அந்த வார்த்தையை வைத்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அது சரியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இன்ஜின் கிளம்பியது. மூன்றாவது சுற்றில். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவு புகை.

அண்ணன்

ஆகஸ்ட் 23

அண்ணா,

கோபம் இருக்கட்டும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. "இருக்கார்" என்று ஒற்றை வார்த்தையில் நீ பதில் சொன்ன காலத்தைவிட இது எவ்வளவோ மேல்.

வக்கீலுக்கு எழுதி வண்டியை உன் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. இதை வைத்து நான் எதையும் சரிக்கட்டிவிட்டதாக நினைக்கவில்லை. தாத்தா எழுதிய அந்த வரி யாரைப் பற்றி இருந்திருக்க வேண்டுமோ அவர் பெயரில் அது இருக்கட்டும் என்றுதான். மறுக்காதே. மறுத்தால் மறுபடியும் வக்கீலுக்கு நான்தான் எழுத வேண்டும்.

தங்கை

அக்டோபர் 13

அன்புள்ள தங்கைக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுக்கத்தான் நினைத்தேன். பெயின்ட் காய்ந்து வெளியே நிறுத்திப் பார்த்ததும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை சீட் மாட்டக் குஷன்காரரே வந்தார். மாட்டி முடித்ததும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அந்தக் காலை நீட்டிக்கொள்ள அதில்தான் இடம் இருக்கிறது. "பொண்ணைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு. பஸ்ல இந்தக் காலை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உக்கார முடியல. கூட்டிட்டுப் போவியா?" என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் பார்த்தேன். சரி என்றேன்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். மேட்டில் இரண்டாவது கியரில்தான் ஏறியது. வழியில் ஒரு தடவை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். அவர் அதிகம் பேசவில்லை. நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். இருபத்து நாலு வருஷம் கழித்து ஓட்டுகிறவனுக்கு வேறு எதையும் பார்க்க நேரம் இல்லை.

அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பானெட்டைத் திறக்கச் சொல்லி அரை மணி நேரம் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன். அப்புறம் மாமனாரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள்.

"அப்பா போன்ல சொன்னாங்க. அன்னைக்கு நீங்க ஓட்டலியாமே" என்றாள்.

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தங்கச்சியக் காட்டிக் கொடுக்க வேண்டாம்னு..."

"எங்கிட்ட சொன்னா அது காட்டிக் கொடுக்கிறதா?"

குடித்த டம்ளரை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்" என்றாள். "ரெண்டு வருஷம் அப்பாகிட்ட சண்டை போட்டேன். அவன் ஏதோ பொய் சொல்றான், நம்பாதேன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாங்க. இல்லப்பான்னு நானும் சொல்லிட்டே இருந்தேன். என்ன வெச்சுச் சண்டை போடறதுன்னு தெரியாமயே போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதும்."

அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டோம். அவள் பிள்ளைகள் இரண்டும் திசை காட்டும் கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷமும் நான் பேசாமல் இருந்தது உனக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது, உன் மேல் குறைப்பட்டுக்கொள்ள உரிமையும் இருந்தது. உன்னைக் காப்பாற்றுவதற்கு அவளிடம் மறைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை என்றால் நீ நம்புவாயா? தோன்றியது. ஆனால் யாருக்கும் தெரியாமல் நல்லவனாக இருப்பது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டால் அது பாதியாகிவிடும் என்று நினைத்தேன். அந்தத் தப்பை நீ செய்யவில்லை.

திரும்பும்போது குஷன்காரர், "வாசல்ல என்ன கேட்டா?" என்றார்.

வண்டி நன்றாக இருக்கிறது என்றாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன்.

அவர் நீட்டியிருந்த முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்புறம், "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளுக்கு இதைப் பண்ணிட்டோம்" என்றார்.

ரெண்டு இல்லை, மூணு என்று சொல்ல நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன்